குளிப்பாட்டியவள் சொல்லாதது

ரோஸ்டாம், கோரன்டைன் கரை, கயானா
6 மார்ச் 2022

இஷ்மத்,

நீ பொய் எழுதினாய். நான் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாக எழுதினாய். இறந்துபோன ஒரு பெண்ணின் முகத்தைப் பற்றி, அந்த முகத்தைப் பார்க்காத நீ, நியூயார்க்கில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதினாய். நாற்பதாயிரம் பேர் படிக்கும் உன் முகநூல் பக்கத்தில் அதைப் போட்டாய். கடிதத்தை சலாம் சொல்லித் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ செய்ததைப் பேசிவிடுவோம்.

ஜமாஅத் தலைவர் ஹாஜி தஸ்லீம் அதை வாசித்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் காட்டியிருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை ஜுமுஆ தொழுகை முடிந்ததும், பள்ளிவாசலில், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து வாசித்தார். எனக்கு ஒரு தடவை கேட்டால் போதும், மறக்காது. இப்படி எழுதியிருந்தாய்:

"கோரன்டைன் கரையில் மீன் விற்ற ஒரு பெண். தலையை மூடாதவள். கல்யாண வீடுகளில் பாடி ஆடியவள். அவள் உடலைக் குளிப்பாட்டும்போது முகம் கரியாகக் கறுத்தது. குளிப்பாட்டியவர் என் சொந்த அக்கா, நாற்பது வருட அனுபவம் உள்ளவர். அவரே நடுங்கிப்போய் முகத்தை மூடிவிட்டார். அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சகோதரிகளே, இன்றே திருந்துங்கள். பத்துப் பேருக்கு அனுப்புங்கள், நன்மை கிடைக்கும்."

அதற்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு வரியைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறாயாம். 'குளிப்பாட்டிவிட்டு வந்தேன். சாப்பிட முடியவில்லை.' அந்த வரியை நான் என் தம்பிக்கு எழுதினேன். நாற்பதாயிரம் பேருக்கு எழுதவில்லை.

திரைக்குப் பின்னால் பெண்கள் பகுதியில், நீ எழுதிய அந்த ஷைரூனின் தாய் ஹஃபீஸன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வாசித்து முடிவதற்குள் எழுந்துவிட்டாள். முழங்கால் சரியில்லாதவள், சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போனாள். நான் கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. அறுபது வருடப் பழக்கம் எங்களுக்கு.

ஷைரூன் எப்படி இறந்தாள் என்பதை நீ எழுதவில்லை. ஜனவரியில் மீன் வாங்கப் படகில் போனவள், படகு கவிழ்ந்து, இரண்டு நாள் கழித்துக் கிடைத்தாள். உனக்கு அது தெரியும், நான்தான் எழுதினேன். தண்ணீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத், உயிர்த்தியாகி என்று நபிகள் சொன்னார்கள். நீ ஒரு ஷஹீதின் முகத்தில் கரி பூசியிருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்தெருவில் ஒரு பெண் இறந்தாள். நான் இலந்தை இலையும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் மகன் வாசலிலேயே நின்றான். "வேண்டாம் அக்கா, வேற ஊர்லேருந்து ஆள் வருது," என்றான். என் கண்ணைப் பார்க்கவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் இந்த ஊரில் நான் கழுவாத பெண் அவள் ஒருத்திதான். என் வாயில் எதுவும் தங்காது என்று நீ உலகத்துக்குச் சொல்லிவிட்டாய். இனி எவள் தன் தாயை என் கையில் கொடுப்பாள்?

நீ செய்தது பொய் என்று அதே பக்கத்தில் எழுது. போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். பேசினால் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் அது முடியாது.

அஸ்ஸலாமு அலைக்கும்.
அமீரன்


ரிச்மண்ட் ஹில், நியூயார்க்
21 மார்ச் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அடி வாங்கியது போல இருந்தது. சின்ன வயதில் நெல் காயப்போட்ட இடத்தில் பந்து விளையாடியதற்கு வாங்கிய அடி மாதிரி.

என் எண்ணம் கெட்டதில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். நான் பெயர் போடவில்லை. உங்கள் வரியில் 'ஷைரூனை' என்று இருந்ததைக் கட்டைவிரலால் மறைத்துத்தான் படம் எடுத்தேன். நடந்ததைச் சொல்கிறேன். அந்த வாரம் ஒருவர் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். வேறு ஏதோ நாட்டில், ஒரு பெண்ணைக் குளிப்பாட்டும்போது முகம் கறுத்தது என்று. கேட்டால் மயிர்க்கூச்செறியும். அடுத்த நாள் உங்கள் கடிதம் வந்தது. சாப்பிட முடியவில்லை, முகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது. நாற்பது வருடத்தில் நீங்கள் அப்படி எழுதியதே இல்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று நினைத்தேன்.

அதனால் எவ்வளவு நல்லது நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. முந்நூறு பெண்களுக்கு மேல் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண் அன்றைக்கே தொழ ஆரம்பித்துவிட்டாள். இன்னொருத்தி மகளோடு சேர்ந்து அழுதாளாம். இங்கே எங்கள் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை மாலை என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவனை யார் கூப்பிடுவார்கள், அக்கா? ஒரு கதையால் ஒருத்தி நேர்வழிக்கு வந்தால் அது பாவமா?

உங்கள் மனக்கஷ்டம் புரிகிறது. அதற்கு வழி சுலபம். யாராவது ஒரு பெண்ணிடம் கைப்பேசியைக் கொடுத்து, 'ஷைரூனின் முகம் ஒளியாக இருந்தது' என்று நீங்கள் சொல்லுங்கள். அரை நிமிடம் போதும். நான் அதைப் போட்டுவிடுகிறேன். ஹஃபீஸன் அக்காவும் சந்தோஷப்படுவார். நல்லதைச் சொல்வதற்கு மார்க்கத்தில் தடை இல்லை. உங்களுக்கே தெரியும்.

உங்கள் தம்பி
இஷ்மத்


ரோஸ்டாம்
5 ஏப்ரல் 2022

இஷ்மத்,

நோன்பு நாலாம் நாள். பொய்யை விடாதவன் சோற்றையும் தண்ணீரையும் விடுவது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று நபிகள் சொன்னார்கள். நீ நோன்பு பிடித்திருந்தால் இந்தக் கடிதம் வரும் நாள்வரை பசியோடு இருந்திருக்கிறாய், அவ்வளவுதான்.

எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ சொன்ன கதை. அது உண்மையா என்று கேட்டாயா? இல்லை. அதை எடுத்து என் வரியோடு தைத்தாய். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யன் ஆவதற்குப் போதும் என்பது நபிமொழி. நீ கேட்டதை மட்டும் சொல்லவில்லை, கேட்டதற்குக் கை கால் ஒட்டவைத்து, எங்கள் தெருவில் நடக்கவிட்டாய். வேதத்தில் ஒரு இடம் இருக்கிறது. நபிகளின் வீட்டுப் பெண் மேல் ஊரே அவதூறு சொன்ன கதை. அங்கே, சொன்னவர்கள் அதை நாக்கால் வாங்கினார்கள் என்று வருகிறது. செய்தியை யாராவது நாக்கால் வாங்குவார்களா? காதில் வாங்கி நெஞ்சில் ஒரு நிமிடம் நிறுத்தியிருந்தால் நாக்குக்கே போயிருக்காது என்று அர்த்தம். எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பால் டப்பா எழுத்தைப் பார்த்து எழுதப் படித்தவள் நான். எனக்கே புரிகிறது. உனக்கு நாக்குக்கூட வேண்டியிருக்கவில்லை, கட்டைவிரல் போதுமாக இருந்தது. பெயரை மறைத்ததும் அதே கட்டைவிரல். இந்தக் கரையில் மீன் விற்ற பெண்கள் எத்தனை பேர் ஜனவரியில் மூழ்கினார்கள்?

முந்நூறு பெண்கள் என்றாய். ஒரு கதைக்குப் பயந்து தொழுகிறவள், அது பொய் என்று தெரிந்த நாளில் தொழுகையையும் விடுவாள். அந்தப் பாவத்தையும் சேர்த்துக்கொள்.

ஏன் சாப்பிட முடியவில்லை என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். ஷைரூன் என்னைச் சித்தி முறை வைத்துக் காலா என்றுதான் கூப்பிடுவாள், ஒவ்வொரு செவ்வாயும் எனக்கு மீன் கொண்டுவருவாள். கடைசி செவ்வாய் ஹஸா மீன் நாலு கொண்டுவந்தாள். "காலா, குழம்பு வெச்சா மாங்காய் போடு, போன தடவ மாதிரி உப்பை அள்ளிக் கொட்டாத," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அவளைக் குளிப்பாட்டிவிட்டு வந்து அடுப்படியில் நின்றேன். அந்த மீன் மஞ்சள் தடவியபடி சட்டியில் இருந்தது. சாப்பிட முடியவில்லை. நீ கரி கண்ட இடத்தில் இருந்தது இந்த மீன்தான்.

உன் அரை நிமிட யோசனைக்கு வருகிறேன். நீ சொல்வதற்கு முன்பே அதைக் கேட்டு ஒருத்தி என் வாசலுக்கு வந்துவிட்டாள். ஹஃபீஸன். பேத்தி நஸ்ரீன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நஸ்ரீன் ஷைரூனின் மகள். ஜார்ஜ்டவுனில் தாதியாக இருக்கிறாள். தாயின் உடல் கிடைத்த அன்று அவள் வந்து சேர்வதற்குள் நாங்கள் கஃபன் துணி சுற்றிவிட்டோம். தண்ணீர் ஊற்ற நின்ற இரண்டு பெண்களும் வாயைத் திறக்கவில்லை. நான் பழக்கியவர்கள்.

ஹஃபீஸன் உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அமீரன், நீதான் மூடினே. தொறக்க வேணாம்னு நீதான் சொன்னே. ஏன்டீ மூடினே?"

"எல்லாருக்கும் மூடறதுதான் ஹஃபீஸன்."

"பொய் சொல்லாத. ரஹிமன் அக்கா முகத்தைக் காட்டினே. உன் மாமியா முகத்தைக் காட்டினே. என் பொண்ணுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

நான் கேட்டின் தாழ்ப்பாளை விலக்கினேன்.

"ஒரு வார்த்தை சொல்லு போதும். நல்லா இருந்தா, ஒளியா இருந்தான்னு சொல்லு. பொய்யா இருந்தாலும் சொல்லுடீ. நான் ஊர்ல சொல்லிக்கறேன்."

நஸ்ரீன் அவளை இழுத்தாள். "வா நானி, போலாம். இவங்க வாயிலேருந்து வராது. கல்லு."

ஹஃபீஸன் போகும்போது சொன்னாள், "நான் போறப்போ நீ என்னைத் தொடக் கூடாது. கேட்டுக்கோ. உன் கை என் மேல படக் கூடாது."

ஏன் சொல்லவில்லை என்று நீயும் கேட்பாய். நல்லதைச் சொல்ல மார்க்கத்தில் தடை இல்லை, சரி. ஆனால் நான் இந்த வேலைக்கு இறங்கிய நாளில் எனக்கு நானே ஒரு தடை போட்டுக்கொண்டேன். நல்லதும் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன். இன்று ஒருத்தியைப் பற்றி ஒளி என்றால், நாளை நான் சும்மா இருக்கும் ஒருத்தியைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்? என் மௌனமே அவளுக்குக் கரியாகிவிடும். உடலைக் கழுவியவன் அங்கே கண்டதை மறைத்தால் அல்லாஹ் அவனை நாற்பது முறை மன்னிப்பான் என்று இருக்கிறது. எனக்கு மன்னிப்பு வேண்டும். உன் பக்கத்தில் அரை நிமிடம் வேண்டாம்.

ஷைரூனின் முகம் எப்படி இருந்தது என்று நீ கேட்கவும் கூடாது. 'முகம் கறுக்கவில்லை' என்று நீ எழுத வேண்டாம், உனக்கு அதுவும் தெரியாது. 'நான் பார்க்கவில்லை, என் அக்கா சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை, நானே கட்டினேன்' என்று எழுது. அதுதான் உண்மை, வேறு எதுவும் உனக்குத் தெரிந்த உண்மை இல்லை.

அமீரன்


ரிச்மண்ட் ஹில்
18 ஏப்ரல் 2022

அக்கா,

பதிவை நீக்கிவிட்டேன். போன புதன்கிழமையே நீக்கிவிட்டேன். உங்களுக்குத் திருப்திதானே.

ஆனால் நீங்கள் கேட்கும் அந்த நாலு வரியை என்னால் எழுத முடியாது. யோசித்துப் பாருங்கள். இங்கே என்னை அண்ணன் என்கிறார்கள், ஹஸ்ரத் என்றுகூட ஒருவர் எழுதினார். என் மனைவி தையல் வகுப்புக்குப் போனால் உங்கள் கணவர் எழுதியதைப் படித்தேன் என்று சொல்கிறார்களாம். அவள் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்? பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்கும்போது அதை நாமே போய் வெளியே சொல்லக் கூடாது என்பதும் மார்க்கம்தான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்துவிட்டேன். அவனுக்கும் எனக்கும் நடுவே முடிந்தது.

நீங்கள் எப்போதும் சரியாகவே இருக்கிறீர்கள். அது எனக்குப் பழக்கம்தான். இப்போது நானும் ஒன்று சொல்கிறேன். இருபத்துமூன்று வருடமாகச் சொல்லாதது.

அம்மா இறந்தபோது இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் என்னிடம் இல்லை. கிளம்பியிருந்தால் திரும்பி வர முடியாது. நாலு பேர் தங்கிய நிலவறையில், சுவரில் தொங்கிய தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள்தான் அம்மாவைக் குளிப்பாட்டினீர்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அம்மா முகம் எப்படி இருந்தது அக்கா என்று. நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நான் யாரைப் பத்தியும் சொல்றதில்ல இஷ்மத். துஆ செய்." அவ்வளவுதான். பிறகு போன் கார்டு தீர்ந்துவிட்டது.

யாரோ ஒருத்தியைப் பற்றியா கேட்டேன்? என் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். அன்றிலிருந்து அம்மாவின் முகத்தை நானே வரைந்துகொண்டிருக்கிறேன். சில நாள் சிரிக்கிறாள். சில நாள் என் மேல் கோபமாக இருக்கிறாள். சில நாள் வலியில் வாய் திறந்திருக்கிறது. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால் நான் கட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். நீங்கள் என்னைப் பொய்யன் என்கிறீர்கள். எனக்கு முதல் பாடம் நீங்கள் வாயை மூடியதில் கிடைத்தது.

இஷ்மத்


ரோஸ்டாம்
26 ஏப்ரல் 2022

இஷ்மத்,

நீக்கிவிட்டேன் என்கிறாய். கேள். நேற்று நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பு ஹாஜி தஸ்லீம் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தட்டு ஸெவைன். சமாதானத்துக்கு வருகிறவர் எப்போதும் பாயசத்தோடுதான் வருவார்.

"அக்கா, உங்க தம்பி எடுத்துட்டாரு. இதோட விட்டுடுங்க. ஊர் ரெண்டு படுது."

"நீங்க உங்க போன்லேருந்து எடுத்தீங்களா ஹாஜி?"

கையைச் சட்டைப் பைமேல் வைத்துக்கொண்டார். "அது... நல்ல உபதேசமாச்சேன்னு வெச்சிருக்கேன்."

"யாருக்கெல்லாம் அனுப்பினீங்க?"

"சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் அக்கா. டொராண்டோ, சூரினாம், அப்புறம் ஃப்ளோரிடாவுல என் சகலை."

"ஸெவைனை எடுத்துட்டுப் போங்க. நோன்பு திறக்க எனக்குப் பேரீச்சம்பழம் இருக்கு."

புரிகிறதா? நீ கிணற்றில் மலத்தைக் கொட்டிவிட்டு வாளியைக் கழுவிவிட்டேன் என்கிறாய். அல்லாஹ்வுக்கும் உனக்கும் நடுவே முடிந்தது என்கிறாய். நீ தொழாமல் இருந்து தவ்பா செய்தால் அது உனக்கும் அவனுக்கும். நீ குடித்துவிட்டு தவ்பா செய்தால் அதுவும். அதை மறைத்துக்கொள், யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரு மனுஷியின் மானத்தை எடுத்தால், அவளிடம் திருப்பிக் கொடுக்காமல் அவன் மன்னிக்க மாட்டான். நீ மறைந்து செய்த பாவம் இல்லை இது. நாற்பதாயிரம் பேர் முன்னால் செய்தது. நாற்பதாயிரம் பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். உன் மனைவி எப்படித் தலை நிமிர்வாள் என்று கேட்டாய். நஸ்ரீன் வேலை செய்யும் மருத்துவமனையில் ஒருத்தி அவளிடமே அந்தக் கதையைக் காட்டி, "உங்க ஊர்ப் பக்கம்தானே, யாரு இது?" என்று கேட்டிருக்கிறாள். அவள் எப்படி நிமிர்ந்தாள் என்று நினைக்கிறாய்?

இப்போது அம்மா.

அந்தப் பகுதியைப் படித்துவிட்டு மூன்று நாள் உனக்கு எழுதவில்லை. நீ கேட்டது தப்பில்லை. ஆனாலும் நான் பார்த்ததைச் சொல்ல மாட்டேன். அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு ஒரு சட்டம், ஹஃபீஸனின் மகளுக்கு ஒரு சட்டம் என்று வைத்திருந்தால், அவள் என் கேட்டைப் பிடித்து நின்ற நாளிலேயே நான் உடைந்திருப்பேன்.

பார்த்ததைத்தான் சொல்ல மாட்டேன். செய்ததைச் சொல்லலாம். இருபத்துமூன்று வருடம் முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அன்று எனக்குத் தோன்றவில்லை. அது என் தப்பு. எழுதிக்கொள்.

தண்ணீரை நானே சுட வைத்தேன். புறங்கையில் விட்டு விட்டுப் பார்த்தேன், உன்னைக் குளிப்பாட்டும்போது அம்மா பார்ப்பாளே, அப்படி. உன் இலந்தை மரத்தில் இலை பறித்தேன். நீ ஏறி விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட மரம். வலது பக்கத்திலிருந்து தொடங்கி ஐந்து முறை கழுவினேன். மூன்று போதும். நாலாவது என் கணக்கு. ஐந்தாவது முறை ஊற்றும்போது, 'அம்மா, இது இஷ்மத் ஊற்றுகிறான்' என்று சத்தமாகச் சொன்னேன். உள்ளே இருந்த இரண்டு பெண்கள் கேட்டார்கள். ஒருத்தி இன்னும் உயிரோடு இருக்கிறாள். நம்பிக்கை இல்லை என்றால் அவளுக்கு எழுதிக் கேள். அம்மாவின் தலைமுடியை மூன்று பின்னலாகப் பின்னினேன். நீ ஊற்ற வேண்டிய தண்ணீர் விழுந்துவிட்டது. வரைந்துகொள்வதை நிறுத்து.

ஹஃபீஸன் படுத்துவிட்டாள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. நஸ்ரீன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மருத்துவர் கையை விரித்துவிட்டார். மகள் பேரில் கரியோடு அவள் கண்ணை மூடினால் அதை நீ எந்தப் பக்கத்திலிருந்தும் நீக்க முடியாது. பெருநாளுக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நாளை விமானம் ஏறும் பெண்ணிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அமீரன்


ரிச்மண்ட் ஹில்
7 மே 2022

அக்கா,

சொல்லிவிட்டேன்.

பெருநாள் தொழுகைக்குப் பிறகு. எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கடிதத்தைக் காட்டினேன், ஷைரூன் பற்றிய பகுதியை மட்டும். அவர் ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார். நீங்கள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். நான் பார்க்கவில்லை. என் அக்கா சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. நானே கட்டினேன். என் மனைவி அதைப் படம் பிடித்தாள், நான் கேட்காமலே. அன்றைக்கே பக்கத்தில் போட்டுவிட்டேன்.

பொய்யைப் பகிர்ந்து பகிர்ந்து ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். இதை இன்று காலை வரை இருநூற்றுப் பதினாலு பேர். அதில் பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். ஒருவர், ஷைத்தான் உங்களை மிரட்டுகிறான், முதலில் சொன்னதுதான் உண்மை என்று எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். கஷ்டமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

நஸ்ரீனுக்கும் தனியாக அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

அந்த ஐந்தாவது தண்ணீர். அதைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டேன். நானே ஓட்டிய தடம்.

இஷ்மத்


ரோஸ்டாம்
29 மே 2022

இஷ்மத்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஃபீஸன் பன்னிரண்டாம் தேதி காலை இறந்துவிட்டாள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு நஸ்ரீன் என் கேட்டுக்கு வந்தாள். உள்ளே வா என்றேன், வந்தாள். உட்காரவில்லை.

"உங்க தம்பி பேசினதை நானிக்குப் போட்டுக் காட்டினேன். மூணு தடவ கேட்டுச்சு."

"என்ன சொன்னா?"

"முதல்ல உங்க தம்பியைத் திட்டிச்சு. நல்லா, பழைய பாஷையில. எனக்கே பாதி புரியல. அப்புறம் 'அமீரன் அவ அம்மாவைப் பத்திக்கூட தம்பிகிட்ட சொல்லலியாமே'ன்னு கேட்டுச்சு."

உன் மனைவி பிடித்த படத்தில் அதையும் நீ சொல்லியிருக்கிறாய். எனக்கு எழுதாமல் விட்டது அது.

"அப்புறம்?"

நஸ்ரீன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "'அமீரனைக் கூப்பிடு. வாயைத் தொறக்காதவதான் என்னைத் தொடணும்'னு சொல்லிச்சு."

நான் போனேன். ஹஃபீஸன் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. "உன் கை எப்பவும் ஐஸ் மாதிரி இருக்கும், தண்ணியாவது சூடா வையி," என்றாள். வைத்தேன். பன்னிரண்டாம் தேதி அவளைக் கழுவியபோது நஸ்ரீன்தான் தண்ணீர் ஊற்றினாள். முடிந்து துணியை மடிக்கும்போது, "நானி, எங்க அம்மா..." என்று என்னிடம் ஆரம்பித்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கற்பூர டப்பாவை மூடி என்னிடம் கொடுத்தாள்.

நீ சொல்லிவிட்டாய் என்பதால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. இருநூற்றுப் பதினாலு என்றாய். ஒன்பது லட்சத்தில் மீதி எங்கே என்று நான் கேட்கிறேன். என் கோபம் போகவில்லை. நான் உன்னை மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை, நல்லது. என் பங்கை மன்னிக்கிறேன். ஷைரூனின் பங்கு என் கையில் இல்லை, அதை மறுமையில் அவளிடம் நீயே போய்க் கேட்க வேண்டும். அதற்குள் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

அந்தக் கதையை நகல் எடுத்துப் போட்ட பக்கம் ஒவ்வொன்றையும் நீ தேட வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் உன் பெயரைப் போட்டு, கட்டியவன் நான் என்று எழுத வேண்டும். ஒரு நாள் வேலை இல்லை அது. ஓய்வு பெற்றவன்தானே, நேரம் இருக்கிறது.

முதலில் அந்தக் குரல் பதிவை உனக்கு அனுப்பியவரிடம், யார் சொன்னது, எங்கே நடந்தது என்று நீ கேட்க வேண்டும். அங்கேயும் ஒரு பெண்ணுக்கு ஒரு தாய் இருப்பாள்.

ஹாஜி தஸ்லீம் எந்த இடத்தில் நின்று வாசித்தாரோ அந்த இடத்தில் நின்று, ஜுமுஆ முடிந்து, அதே ஒலிவாங்கியில், விசாரிக்காமல் வாசித்தேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு வெள்ளிக்கிழமை தொண்டை வலி என்று தப்பித்துவிட்டார். வருகிற வெள்ளிக்கு இஞ்சி கஷாயத்தோடு நான் திரைக்குப் பின்னால் இருப்பேன். டொராண்டோவுக்கும் சூரினாமுக்கும் ஃப்ளோரிடா சகலைக்கும் அவரே எழுத வேண்டும்.

உன் மனைவிக்கு என் சலாம் சொல். கேட்காமல் படம் பிடித்தவள் அவள். இனி நீ எதையாவது போடுவதற்கு முன் அவளிடம் காட்ட வேண்டும்.

பின்தெருவில் தன் தாய்க்கு வேறு ஆள் கூப்பிட்ட பையன், அவன் வீட்டுக்கு நான்தான் போக வேண்டும். துக்கம் கேட்காமல் இருந்துவிட்டேன். கோபத்தில் செய்தது, அதுவும் தப்பு.

நஸ்ரீன் மாதம் இரண்டு நாள் ஜார்ஜ்டவுனிலிருந்து வந்து என்னிடம் இந்த வேலையைப் பழகிக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். நான் சரி என்றேன்.

என் முறை வரும்போது என்னை அவள்தான் கழுவ வேண்டும். வேறு ஊர் ஆள் வேண்டாம். நீ வர முடிந்தால் வா, மண் போடு. வர முடியாவிட்டால் அவளுக்குப் போன் பண்ணுவாய், எனக்குத் தெரியும். அக்கா முகம் எப்படி இருந்தது என்று கேட்பாய். அவள் சொல்ல மாட்டாள். நீ இரண்டாவது முறை கேட்கக் கூடாது.

அமீரன்